அறுபத்தாறாம் கதவு

ஓலையருவியில் வந்தவரை இடமில்லை என்று திருப்பி அனுப்பியதாகச் சரித்திரமே கிடையாது. மலை உச்சியிலிருந்து ஒரு பனையோலை அகலத்துக்குத் தண்ணீர் விழுகிற எங்கள் ஊரில், ராமேஸ்வரத்துக்குக் கால்நடையாகப் போகிற பரதேசிகள் சாரலில் நனைந்து மரத்தடியில் கிடக்கிறார்களே என்று மனம் இரங்கி, ஜமீனுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வயதுக்குள் தாலியறுத்த பொன்னம்பல நாச்சியார் பன்னிரண்டு அறை வைத்து ஒரு சத்திரம் கட்டினாள். கட்டி முடித்த அன்று வாசலில் ஒரு கல்லை நட்டு, ‘தனித்து வந்தாரையும் இடமில்லை என்னாதே’ என்று அதில் வெட்டச் சொன்னாள். கல் அந்தச் சொல்லை வாங்கி வைத்துக்கொண்டது. கல்லுக்கு என்ன, மனுஷனா, சொன்ன சொல்லை மறப்பதற்கு.

அடுத்த ஆடி அமாவாசைக்குப் பன்னிரண்டு அறைக்கும் ஆள் நிறைந்து அதற்கு மேலும் நாற்பது பேர் மழையில் வந்து நிற்க, சத்திரத்து மணியக்காரர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல் வராமல், பன்னிரண்டாம் அறைப் பக்கம் கை காட்ட, அதை ஒட்டிப் பதின்மூன்றாவது ஒன்று இருந்தது. அதை ஒட்டிப் பதினான்காவது. அதே நேரத்தில் வடக்குத் தெருவில் ஒரு சம்சாரி நெல் எடுக்க உள்ளறைக்குப் போனவர், அறை இருந்த இடத்தில் பெருக்கிவிட்ட மாதிரி வெறும் மண் கிடப்பதையும் மேலே வானம் தெரிவதையும் பார்த்தார். தேடிக்கொண்டு சத்திரத்துக்கு வந்தார். பதின்மூன்றாம் அறையில் அவர் வீட்டு நெல்குதிர் நின்றது, குதிரில் சாய்ந்துகொண்டு மூன்று தெலுங்குக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் திரும்பிப் போய்ப் பெண்டாட்டியிடம் நம் உள்ளறைக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொன்னார், அவள் ஒரு குடம் மோர் கொடுத்தனுப்பினாள்.

எங்கள் ஊர் அதிசயத்தைப் பார்த்து வாய் பிளக்கிற ஊரில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது சத்திரத்துச் சட்டமாக இருந்ததால், நாலாம் நாள் காலையில் பரதேசிகள் கிளம்ப, அறைகளும் கிளம்பி அவரவர் வீட்டுக்கு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டன. வரும்போது விபூதி வாசனையோடு வந்தன. ஒன்றில் யாரோ மறந்துவிட்ட பித்தளைச் சொம்பு இருந்தது. அதன்பிறகு சாரல் தொடங்கும் முதல் நாளில் உள்ளறையில் புதுப்பாய் விரித்து, ஒரு பானை தண்ணீர் வைத்து, கதவு நிலையைத் தொட்டு ‘போயிட்டு வா’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தன் வீட்டு அறை ஒரு தடவைகூடப் போகவில்லை என்றால் அந்த வீட்டில் ஏதோ தோஷம் என்று சம்பந்தம் பேச யோசித்தார்கள்.

பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். சத்திரத்தின் பின்பாதிக்குப் பங்களா என்று பெயர் வைத்து, சமவெளியின் வெயில் தணிகிற வரைக்கும் நாலு மாதம் தங்கினார்கள். அறைகள் ஆவணி தாண்டித்தான் வீடு திரும்பின. அதுவும் சும்மா வரவில்லை, ஒன்று குளிர்காயும் அடுப்போடு வந்தது, இன்னொன்று சுவரில் மான் தலையோடு வந்தது, அந்தக் கொம்பில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சட்டை மாட்டியது. நாலு மாதம் மாட்டுத்தொழுவில் படுத்தோமே என்று யாரும் குறைப்படவில்லை, மான் தலையைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது.

வெள்ளைக்காரன் போனான், பஸ் வந்தது. ஜமீன் வாரிசுகள் சத்திரத்தை வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்க, அது நாச்சியார் லாட்ஜ் ஆயிற்று. கவுன்டர் வந்தது, மரக்கட்டையில் கோத்த சாவி வந்தது, பகல் பன்னிரண்டிலிருந்து மறுநாள் பகல் பன்னிரண்டு வரை ஒரு நாள் என்ற கணக்கு வந்தது. முன்பெல்லாம் விருந்தாளி எழுந்து போனால் அறை ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு நாழிகை சும்மா இருந்து, பிறகுதான் தன் வீட்டுக்குக் கிளம்பும். லாட்ஜில் அந்த ஒரு நாழிகை கிடையாது. பன்னிரண்டு மணிக்கு ஒருவர் கொடுத்த சாவியைப் பன்னிரண்டு ஐந்துக்கு இன்னொருவர் வாங்கிக்கொண்டிருந்தார். ஆகவே சாரல் காலம் முழுக்க அறைகள் வரவில்லை. ஐப்பசியில் கூட்டம் வடிந்த பிறகு ஒவ்வொன்றாக வந்தன, சோப்பு வாசனையும் ஜன்னலில் கீறிய பெயர்களுமாக.

அப்போதும் நாங்கள் விழித்துக்கொள்ளவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அந்த யானையின் ஒரு கால் நான். என் பெயர் கொம்பையா, தெற்குத் தெருவில் இருந்துகொண்டு போர்டு எழுதுகிறவன். ஊரில் பாதிப் பேர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டும், லாட்ஜில் துணி வெளுத்தும், ஆட்டோ ஓட்டியும் பிழைக்கத் தொடங்கியிருந்தோம். தண்ணீர் வற்றினால் எல்லோரும் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. பஞ்சாயத்தில் கூட்டம் போட்டோம். ஓடையில் மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி வருஷம் முழுக்க அருவியை விழவைத்தால் வருஷம் முழுக்க ஆள் வருவார்கள் என்று முடிவாயிற்று. எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அப்படியானால் அறைகள் எப்போது திரும்பி வரும் என்று ஒருத்தி கேட்டாள். நாங்கள் சிரித்தோம், நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசாதே என்றோம். ஊர் எல்லையில் ‘வருக வருக’ என்று வளைவு வைத்தோம், அதை நான்தான் எழுதினேன்.

அந்த ஐப்பசியில் ஒரு அறையும் வீடு திரும்பவில்லை. அடுத்த ஐப்பசியிலும் இல்லை. உள்ளறைகள் தீர்ந்து படுக்கையறைகள் போயின, படுக்கையறைகள் தீர்ந்து அடுக்களைகள் போயின. ஊர் அதையும் பழகிக்கொண்டது. முற்றத்தில் கல்லைக் கூட்டிச் சமைத்தார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் எத்தனை அறை மிச்சம் என்று முதலில் கேட்டார்கள். முழு வீடும் போனவர்கள் எண்ணெய் தேய்க்கிற கொட்டகையிலும் பஸ் நிறுத்தத்திலும் குடியிருந்தார்கள், காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு லாட்ஜுக்கு வேலைக்கு வந்து, தாங்கள் பிறந்த அறைக்கு விரிப்பு மாற்றினார்கள். புதிதாக ஒரு அறை முளைத்தால் கதவில் நம்பர் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். வாழ்க்கையில் நான் அவ்வளவு நிரந்தரமாக ஒரு வேலை பார்த்ததில்லை.

லாட்ஜ் மேனேஜர் தனுஷ்கோடி எங்கள் ஊர்க்காரர்தான், தன் வீடு முழுக்கப் போய்விட்டதால் கவுன்டருக்குப் பின்னால் பாய் போட்டுப் படுக்கிறவர். ஊர்க்காரர்கள் அழுததைப் பார்த்து ஒருநாள் அவர் வந்த குடும்பத்திடம் ரூம் காலியில்லை என்று சொல்லப் பார்த்தார். வாய் திறந்ததும் ‘வாங்க, இருக்கு’ என்றுதான் வந்தது. கல் விடவில்லை. ஆனால் இரண்டு மறுப்புக்கு மட்டும் அந்தக் கல் ஏனோ வழிவிட்டது. ஒன்பதாம் நம்பரில் தனியாக வந்து தங்கிய ஒருவர் உயிரை விட்டுவிட, போலீஸ் வந்து ஒரு வாரம் லாட்ஜைப் பூட்டிப்போட, அதிலிருந்து தனியாக வருகிற யாருக்கும் அறை கிடையாது என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் கிடையாது. ‘தனி நபருக்கும் உள்ளூர் விலாசத்துக்கும் அறை இல்லை’ என்று நான்தான் போர்டு எழுதினேன். மாட்டுவதற்கு வாசலில் வேறு தோதான இடமில்லாததால் அந்தக் கல்லின் மேலேயே ஆணி அடித்து மாட்டினேன். ஒருவேளை அதனால்தான் கல்லுக்கு அது தெரியாமல் போயிற்றோ என்னவோ.

ஆவுடைத்தாய் லாட்ஜில் அறை துடைக்கிறவள். இருபத்து மூன்றாம் நம்பர் ஒருகாலத்தில் அவள் வீட்டு நடு அறை. உத்தரத்தில் அவள் மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது, தங்க வருகிறவர்கள் அதில் ஈரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அவள் தினமும் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுக் கொக்கியை ஒரு தடவை துடைப்பாள். மகள் கட்டிக்கொண்டு போய் எங்கேயோ வடக்கே இருந்தாள். புருஷன் மாசானம் அருவிக்கரையில் பேர்போன எண்ணெய்க்காரர், பாறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு போய் நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. அவர்கள் வீட்டில் மிச்சம் இருந்தது அந்தக் கட்டில் கிடந்த முன்னறை ஒன்றுதான்.

வடக்குத் தெருவிலேயே இரண்டு அறைகள்தான் மிச்சம். ஒன்று அது, இன்னொன்று எதிர்வீட்டு முப்பிடாதியுடையது. முப்பிடாதியின் மகள் பேறுகாலத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு பெண்களும் காலையில் கதவைத் திறந்ததும் ஒருத்தி வீட்டை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். எதிர்வீட்டை எடுத்துக்கொள் என்று தாங்கள் சாமியிடம் வேண்டியதில்லை என்று இருவருமே என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள். இருவருமே வேண்டியிருப்பார்கள், நானாயிருந்தாலும் வேண்டியிருப்பேன்.

அறைகள் அதுவரை ஆட்களை எடுத்ததில்லை. அடுக்களை போனால் சமைத்துக்கொண்டிருந்தவள் கையில் கரண்டியோடு வெட்டவெளியில் நிற்பாள், அவ்வளவுதான். ஆகவே என்ன ஆனாலும் மாசானம் மண்ணிலாவது கிடப்பார், ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆவுடைத்தாய் தைரியமாக இருந்தாள்.

ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு தாண்டி, சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருக்க, ஒரு வேன் வந்து நின்றது. ஒரு பெரியவர், ஒரு அம்மாள், மகன், மருமகள், நனைந்த மூன்று குழந்தைகள். தனுஷ்கோடி வாயிலிருந்து ‘வாங்க, இருக்கு’ என்று வந்தது. அறுபத்து நாலாவது கதவு மாடிக் கடைசியில் நின்றது. விரிப்புகளோடு ஆவுடைத்தாயும் பெயிண்ட் டப்பாவோடு நானும் போனோம். அவள் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் டிவி இருந்தது. வெள்ளை விரிப்பு போட்ட கட்டிலில், கழுத்து வரை போர்த்திய வெள்ளைப் போர்வைக்குள், மாசானம் கிடந்தார்.

“ஏளா, மழை பெய்யுதா? குளுருதே,” என்றார்.

நாலு வருஷம் எழுந்திருக்காத மனுஷனை அறை சாமான் என்று எண்ணிவிட்டது. கட்டிலோடும் பெட்டியோடும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஆவுடைத்தாய் அழவில்லை. போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையைக் கால்பக்கம் செருகினாள், ஏதோ அந்த அறையில் தங்க வந்தவருக்குச் செய்கிற மாதிரி.

தனுஷ்கோடி பதிவேடும் மைப்பெட்டியுமாக வேன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். பார்த்ததும் அவருக்கு முகம் செத்துப்போயிற்று. கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர், ஆனால் வேலையில் இருக்கிறவர். இது தனியாள், பதிவில் பெயரில்லை, அடையாள அட்டை இல்லை, முதலாளிக்குத் தெரிந்தால் என் பாயும் போய்விடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, கீழேயிருந்து இரண்டு வேலையாட்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் கட்டிலைப் பிடித்தார்கள். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒருவன் கேட்டான். வெளியே சாரல் மழையாகியிருந்தது.

“கைய எடுங்கடே,” என்றாள் ஆவுடைத்தாய். பிறகு தனுஷ்கோடியைப் பார்த்து, “அண்ணாச்சி, தனியாள் இல்ல. நாங்க ரெண்டு பேரு, புருசன் பொஞ்சாதி. பேரு எழுதிக்கிடுங்க,” என்றாள்.

“உள்ளூருக்குக் குடுக்கக் கூடாதும்மா. போர்டு போட்டிருக்குல்லா.”

அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். “வடக்குத் தெரு பதினாலாம் நம்பரு. அங்கன வீடு இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வாங்க. வீடே இல்லாத தெருவுக்கு நான் எப்பிடி உள்ளூர்க்காரி?”

தனுஷ்கோடி அட்டையை வெகுநேரம் பார்த்தார். இதற்கு எந்தப் போர்டிலும் பதில் எழுதியிருக்கவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“வேன்ல வந்தவுகளுக்கு இன்னொரு ரூம் வேணுமே. ஒங்க தெருவுல இனி முப்பிடாதி வீடு ஒண்ணுதான் பாக்கி. புள்ள தொட்டில்ல கெடக்கு.”

எழுந்திருக்க முடியாதவர்களை அறை என்ன செய்யும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் இப்போது தெரியும். வேன் குடும்பத்தின் சின்னக் குழந்தை தும்மியது. வேலையாட்கள் கட்டிலை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஆவுடைத்தாய் என் பக்கம் திரும்பி, ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். நான் டப்பாவை வைத்துவிட்டு ஓடினேன். பத்துப் படி இறங்கியிருக்க மாட்டேன், பின்னால் சிசு அழும் சத்தம் கேட்டது. திரும்பி ஏறினேன். பதிவேட்டில் அழுத்திய அவள் வலது கட்டைவிரல் நீலமாக இருந்தது. அறுபத்து நாலை ஒட்டி அறுபத்தைந்து நின்றது.

நீ ஏன் காத்திருக்கவில்லை என்று நான் அவளை இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் அவள் திருப்பிக் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது, நீங்கள் ஏன் கை தூக்கினீர்கள் என்று.

வேனில் வந்த அம்மாள் நல்ல மனுஷி. அறுபத்தைந்துக்குள் போனவள், உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே வந்து, யார் வீட்டுக் குழந்தை, இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று கேட்டாள். ஆவுடைத்தாய் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தொட்டிலை அவிழ்த்து மடித்து அதையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நானும் போனேன்.

வாசலில் முப்பிடாதியும் அவள் மகளும் நின்றார்கள். மகள் தலைவிரி கோலமாக, மாராப்பு பாலில் நனைந்திருக்க, செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிள்ளையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு நீலக் கட்டைவிரல் பதிந்திருந்தது. முப்பிடாதி அதைப் பார்த்தாள், பிறகு ஆவுடைத்தாயின் கையைப் பார்த்தாள். முப்பது வருஷம் எதிரெதிர் வாசலில் கோலம் போட்டவர்கள். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் பயந்துபோய் நின்றேன்.

“ஒன் வீட்டுக்காரருக்குக் கெடச்சிருச்சா?” என்று கேட்டாள் முப்பிடாதி.

“கெடச்சிருச்சு,” என்றாள் ஆவுடைத்தாய்.

முப்பிடாதி தலையை ஆட்டினாள். மகளைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு கவுன்டருக்கு நடந்தாள். சுருக்குப்பையை அவிழ்த்தாள், அட்டையை எடுத்து வைத்தாள், நாங்கள் மூன்று பேர் என்றாள். தனுஷ்கோடி எந்தத் தெரு என்று கேட்கவில்லை. வந்த காரணம் என்ற கட்டத்தில், எல்லோருக்கும் எழுதுவதுபோல, சுற்றிப் பார்க்க என்று அவரே எழுதி, மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரலை அழுத்தினாள். வடக்குத் தெருவில் இனி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெற்குத் தெருவில் எத்தனை மிச்சம் என்பதும் எனக்குத் தெரியும்.

அறுபத்து நாலுக்கும் அறுபத்தைந்துக்கும் நம்பர் எழுதிவிட்டு அறுபத்தாறுக்கு நகர்ந்தேன். கதவு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகத் தூரிகையைத் துடைத்த கோடுகள் இருந்தன. இருபத்தாறு வருஷமாக வேலை முடித்து வீட்டுக்கு வந்ததும் நான் துடைக்கிற இடம் அது. உள்ளே என் கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு போட்டிருந்தது.

கோடுகளுக்கு மேல் வெள்ளை அடித்து, காயும் வரை நின்று, கறுப்பில் எழுதினேன். ஆறு எனக்கு எப்போதும் நன்றாக வரும், இரண்டு ஆறும் ஒரே அளவில் வந்தன. முப்பிடாதியும் மகளும் பிள்ளையும் உள்ளே போக நான் ஒதுங்கி நின்றேன். ஆவுடைத்தாய் வாளியும் துடைப்பமுமாக வந்து, அவர்கள் ஈரக்காலோடு நடந்த தடத்தைத் துடைத்தாள்.

தனுஷ்கோடி என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். “அண்ணாச்சி, நீங்க...” என்று தொடங்கி அதற்கு மேல் போகவில்லை. எனக்கு யாரும் இல்லை என்பது ஊருக்கே தெரியும், எனக்குக் கல்யாணம் பண்ணிவைக்கும் முன்பே வீட்டில் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், பிறகு பெண் பார்க்க ஆளும் இல்லை. வேண்டாம், எனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

வாசலில் மழை விடவில்லை. கல்லில் மாட்டிய போர்டைக் கழற்றினால் கல் என்னைப் பார்க்கும், எனக்கும் ஒரு கதவு முளைக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. கழற்றிப் பார்த்தால்தான் என்ன. ஆனால் தெற்குத் தெருவில் என் அறைக்கு அடுத்த அறையில் பார்வை போன ஒரு கிழவர் எப்போதும் படுத்தே கிடக்கிறார். ஆணியைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. போர்டின் ஓரத்தில் எழுத்து கொஞ்சம் உரிந்திருந்தது. டப்பாவைத் திறந்து அதைச் சரிசெய்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.